கரையின் எதிர்காலமும் கரைவாழ்வோர் சொல்லும்

சிங்கப்பூரின் வரைபடத்தை இன்று காண்போர், கடலோரம் பல இடங்களில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தாற்போல் நேராக இருப்பதைக் கவனிப்பர். கடலும் காற்றும் ஆறும் கூடி அமைக்கும் கரை அவ்வாறு நேராக இராது. 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த இந்நாட்டின் பரப்பு, இன்று 730 சதுரக் கிலோமீட்டரைக் கடந்துள்ளது. கூடிய பரப்பு அனைத்தும் முன்பு கடலாக இருந்தது. எனவே நம் நாட்டின் கடற்கரையை, வெவ்வேறு காலங்களில் ஆட்சியில் இருந்தோர் எடுத்த முடிவுகளின் எல்லை என்றே கூறலாம்.

முடிவு என்று ஒன்று இருந்தால், அதனை எடுத்தவர் யார், எடுக்குமுன் யாரைக் கேட்டார் என்னும் வினாக்களும் உடன் எழும். இக்கட்டுரை அவ்விரண்டாம் வினாவைப் பின்தொடர்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குதல் நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. சிறு தீவில் பெருகிய மக்களுக்கு வீடும் துறைமுகமும் விமான நிலையமும் வேண்டியிருந்தன. அவற்றுள் பல அவ்வாறு பெற்ற நிலத்தின்மீதே எழுந்தன. நம்மில் பலர் அந்நிலத்தில்தான் இன்று வாழ்கிறோம். ஆயினும், கரையில் வாழ்வோரைக் கேட்கும் வழக்கம் எவ்வாறு, எத்துணை மெல்ல உருவாயிற்று என்பதை அறிவது இக்காலத்தில் இன்றியமையாதது. அடுத்த நூறாண்டுக்குரிய கரையைப் பற்றி மக்களின் கருத்துகள் இப்போதுதான் திரட்டப்பட்டு வருகின்றன. அத்திரட்டில் தமிழில் சொல்லப்படும் சொல்லுக்கு இடம் உண்டா என்பது நம்மைப் பொறுத்தது.

கேளாமல் வரைந்த கரை

நமக்குத் தெரிந்த முதற் பெரும் மாற்றம் 1822-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை அக்காலத்தில் சதுப்பாகக் கிடந்தது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் இடத்தில் இருந்த குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு சதுப்பைத் தூர்க்குமாறு ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் பணித்தார். இன்றைய போட் கீ அவ்வாறு உருவான கரையே ஆகும். அப்பணியை நேரில் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர், அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர், தமிழும் கற்றவர். சீனர், மலாய்க்காரர், தென்னிந்தியர் எனப் பல இனத்தாரும் கூலிக்கு மண் வெட்டிச் சுமந்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் காட்டுகிறது. கரையை ஆக்கியோர் இன்னார் என்பதற்குச் சான்று உண்டு. அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆற்று முகத்தில் குடியிருந்த தெமெங்கோங்கின் மக்கள் அதனையடுத்த காலத்தில் தெலுக் பிளாங்காவுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர்.

அடுத்த பெரும் பணி காலியர் கீ. 1864-இல் நிறைவுற்ற அக்கடற்சுவரைக் கட்டியோர் இந்தியாவிலிருந்து கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் கைதிகளின் உழைப்பு பெருமளவில் பயன்பட்டது. சென்னை மாகாணத்தினரும் அவர்களுள் இருந்தனர். நகரின் முகப்பாக விளங்கிய ஒரு கரை, தன் ஊருக்குத் திரும்பும் உரிமையுமற்றோர் கையால் அமைந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

தெலுக் ஆயர் என்னும் பெயரில் உள்ள ‘தெலுக்’ மலாய்மொழியில் விரிகுடாவைக் குறிக்கும். இன்று அச்சாலையில் நிற்பவருக்குக் கடல் தென்படாது. வானளாவிய அலுவலகக் கட்டடங்களே தென்படும். ஆயின் 1828-இலிருந்து 1830-க்குள் தமிழ் முஸ்லிம்கள் அங்கு நாகூர் தர்காவைக் கட்டியபோது, அதன் எதிரே அலை வந்து மோதியது. கடல் கடந்து வந்தோர் தம்மைக் காத்த நாகூர் ஆண்டவருக்கு நன்றி கூறும் இடமாக அது அமைந்தது. அருகிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசலும் தியான் ஹோக் கெங் சீனக் கோயிலும் அதே காரணத்தால்தான் அவ்வரிசையில் நின்றன: கரையில் இறங்கியவர் முதலில் வழிபடும் இடங்கள் அவை. 1879-இல் தொடங்கிய தூர்ப்புப் பணிக்குப் பின் கடல் விலகிச் சென்றது. கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவை அங்கு நிற்பதற்குரிய காரணம் மட்டும் கண்ணுக்கு மறைந்தது.

பீச் ரோடு எனப்படும் சாலையைத் தமிழர் ‘கடற்கரைச் சடக்கு’ என்று வழங்கினர். கடல் அகன்றபின் பெயர் மட்டும் எஞ்சியது. இதனை ஓர் ஆவணமாகவே நாம் கருதவேண்டும். எவரும் கேட்டு எழுதி வைக்காத கரைவாழ்வோர் கருத்து, ஊர்ப்பெயராகவும் தெருப்பெயராகவும் மட்டுமே நிலைத்துள்ளது.

உரிமையாளரின் குரலும் ஏனையோர் மௌனமும்

குடியேற்ற ஆட்சியின் சட்டம் கரையைப் பற்றி ஒருவகையினருக்கு மட்டும் செவிசாய்த்தது. கடலை நோக்கிய நிலத்தை உடைமையாகக் கொண்டவர், தம் நிலத்தின் முன்னால் கடல் தூர்க்கப்பட்டால் கடல்முகப்பை இழந்தமைக்கு இழப்பீடு கோர இயன்றது. பட்டா இல்லாத மீனவருக்கும், கரையோரக் கம்பத்தில் வாடகைக்கு இருந்தவருக்கும், படகு கட்டும் தச்சருக்கும் அவ்வழி திறந்திருக்கவில்லை. நிலத்தை உடையவன் பேசலாம். கரையைப் பிழைப்பாக உடையவன் பேச இயலாது. சட்டத்தின் கண்ணில் கரை என்பது சொத்தின் ஓரம் மட்டுமே.

1964-இல் கடலோரச் சட்டம் திருத்தப்பட்டு அவ்விழப்பீட்டுரிமை நீக்கப்பட்டது. பொதுப் பணத்தால் நடைபெறும் வளர்ச்சியின் பயனைத் தனி நிலவுடைமையாளர் அடைதல் கூடாது என்பது அத்திருத்தத்திற்குக் கூறப்பட்ட கோட்பாடு. அக்கோட்பாட்டில் நியாயம் உண்டு என்பதை மறுப்பது கடினம். சிலருடைய ஆதாயத்திற்காகப் பலருடைய வீடு தடைப்படலாகாது. ஆயின் அதன் உடன்விளைவு ஒன்றையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கரையைப் பற்றிப் பேசச் சட்டம் தந்திருந்த ஒரே வாயில் மூடப்பட்டது. பொதுமக்களுக்கென வேறொரு வாயில் அப்போது திறக்கப்படவில்லை.

பெடோக்கில் 1963-இல் நடந்த சிறு சோதனைக்குப் பின், கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் திட்டம் 1966-இல் தொடங்கிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நடத்திய அப்பணி ஏழு கட்டங்களாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்தது. சிக்லாப், தெம்பனிஸ் பகுதிகளின் குன்றுகள் வெட்டப்பட்டு, மண் நகர்பட்டைகள் வழியே கடலுக்குச் சென்றது. ஏறத்தாழ 1,525 ஹெக்டர் நிலம் பெறப்பட்டது. செலவு 613 மில்லியன் வெள்ளி. மரின் பரேட் குடியிருப்புப் பேட்டையும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும், விமான நிலையத்துக்குச் செல்லும் விரைவுச்சாலையும் அந்நிலத்தில் உருவாயின. மலையைக் கடலிலிட்டு ஊராக்கிய அப்பணி பொறியியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

பழைய கரையில் காத்தோங், சிக்லாப், பெடோக் என நீண்டு கிடந்த கம்பங்களிலிருந்தோர் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மாற்று வீடும் உதவித்தொகையும் பற்றி அவர்களோடு பேசப்பட்டது. அவை ‘இனி எங்கே வாழ்வீர்’ என்னும் வினாவுக்குரிய விடைகள். ‘இக்கரை எவ்வாறு இருக்க வேண்டும்’ என்னும் வினா அக்காலத்தில் எவரிடமும் கேட்கத்தக்கதாகக் கருதப்படவில்லை. தென்தீவுகளிலும் அதுவே நிகழ்ந்தது. செமக்காவ், செக்கிங் தீவுகளின் மக்கள் 1990-களின் முற்பகுதிக்குள் பெருந்தீவுக்கு வந்துவிட்டனர். ஏழு தீவுகள் ஒன்றிணைக்கப்பட்டு ஜூரோங் தீவு உருவாயிற்று.

அம்மக்கள் என்ன சொல்லியிருப்பர் என்பதை இன்று ஓரளவேனும் அறிய முடிகிறதென்றால், அதற்குக் காரணம் 1979-இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பணியாகும். தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அப்பதிவுகளில் தமிழில் பேசியோரின் குரல்களும் உண்டு. ஆயின் அவை முடிவு எடுக்கப்பட்டு, கரை மறைந்து, பல்லாண்டு கழிந்தபின் எடுக்கப்பட்ட நினைவுகள். கருத்துக் கேட்டலுக்கும் நினைவு கேட்டலுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது எதிர்காலத்தை மாற்ற வல்லது. பின்னது இறந்தகாலத்தைப் போற்ற மட்டுமே வல்லது.

வாயில் திறந்த இரு நிகழ்வுகள்

பொதுமக்கள் தாமே முன்வந்து கரையைப் பற்றிப் பேசியதற்கு இரு நிகழ்வுகள் சான்றாக நிற்கின்றன.

முதலாவது, சுங்கை பூலோ. தீவின் வடமேற்கில் இறால் வளர்ப்புக் குளங்களும் கண்டல் மரங்களும் நிறைந்திருந்த அச்சதுப்பில், வலசை வரும் பறவைகள் திரளாக இறங்குவதை 1986-இல் பறவை ஆர்வலர் சிலர் கண்டனர். அதனைக் காக்குமாறு மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை அரசாங்கத்துக்கு எழுத்து வடிவில் ஒரு முன்மொழிவை அளித்தது. 1989-இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1993-இல் திறக்கப்பட்டது. 2002-இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. ஆர்ப்பாட்டம் எதுவுமின்றி, பறவைகளின் கணக்கும் வரைபடமும் கொண்ட ஒரு கோரிக்கையே அதனைச் சாதித்தது.

இரண்டாவது, புலாவ் ஊபினின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா. கடல் வற்றும் நேரத்தில் அங்கு மணற்பரப்பு, பாறைக்கரை, கடற்புல்வெளி, பவளத் துண்டுகள் நிறைந்த தரை, கண்டற்காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்களும் ஒருங்கே வெளிப்படுகின்றன. அவ்விடம் தூர்க்கப்படுவதாக இருந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் வளத்தை இயற்கை ஆர்வலர் கண்டறிந்தபின், ஓராண்டுக்குள் தொண்டூழியர் பலர் அங்கு சென்று உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து கண்டனர்; கடிதங்கள் எழுதினர்; ஆய்வறிஞர் அறிக்கை அளித்தனர். அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான் 2001 டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். வளர்ச்சிக்கு அந்நிலம் தேவைப்படாத வரையில் செக் ஜாவா அவ்வாறே விடப்படும் என்பது அடுத்த மாதம் உறுதியாயிற்று.

இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் நாம் கற்கவேண்டியவை இரண்டு. ஒன்று, கருத்து தகவலோடு சேர்ந்து வந்தபோது அதற்கு எடை கூடிற்று. ‘வேண்டாம்’ என்று கூறியவர்கள், அங்கு என்ன உள்ளது என்பதையும் எடுத்துக் காட்டினர். மற்றொன்று, காலத்தாழ்வின் அருமை. செக் ஜாவாவில் பணி தொடங்கச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. அக்கண்டறிதல் ஓராண்டு பிந்தியிருப்பின் பேசுவதற்கு எதுவும் இருந்திராது. அத்துணை நெருக்கத்தில் கேட்கப்படும் கருத்துக்கு ஒரேயொரு வடிவமே உண்டு: நிறுத்துக அல்லது நடத்துக. நடுவழிகளைச் சிந்திக்க வேண்டுமாயின் இன்னும் முன்பே கேட்கவேண்டும்.

இன்றைய வினா

நம் காலத்தில் வினாவின் தன்மையே மாறியுள்ளது. முன்பு நாம் கடலை நோக்கிச் சென்றோம். இனிக் கடல் நம்மை நோக்கி வருகிறது. இந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2024-இல் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் எனக் கணித்துள்ளது. கடலோரப் பாதுகாப்புக்கு நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலுமோ தேவைப்படலாம் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2019 தேசிய தினப் பேரணி உரையில் கூறினார். 2020 முதல் பொதுப் பயனீட்டுக் கழகம் கடலோரப் பாதுகாப்புக்குரிய தேசிய அமைப்பாகச் செயற்பட்டு வருகிறது.

கிழக்குக் கரைக்கு இரு வழிகள் மக்கள்முன் வைக்கப்பட்டன. ஒன்று, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நெடுகிலும் 3 மீட்டர் வரை உயரமுள்ள சுவரும், பன்னிரண்டு அலைத்தடுப்புக் கதவுகளும், நீரேற்று நிலையங்களும் அமைப்பது. அவ்வாறு செய்தால் பூங்காவின் பெரும்பகுதி பணிக்காக மூடப்படும். கடலுக்கும் மக்களுக்கும் இடையே சுவர் நிற்கும். மற்றொன்று, கடலுக்குள் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை உயரமாக ஆக்கி, அதற்கும் பழைய கரைக்கும் இடையே ஒரு நீர்த்தேக்கத்தை உருவாக்குவது. ‘லாங் ஐலண்ட்’ எனப்படும் இவ்வெண்ணம் 1991-ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. 2023 நவம்பரில் இதற்கான ஆய்வுகள் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடைபெறும் என்றும், பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

1966-ஐயும் 2023-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் கடந்து வந்த தொலைவு புலனாகும். அன்று அதே கரையில் மண் கொட்டத் தொடங்கியபின் மக்கள் அறிந்தனர். இன்று ஒரு கூடை மண்ணும் விழுமுன், பல்லாண்டு இடைவெளி விட்டு, மாற்று வழியையும் காட்டிக் கேட்கின்றனர். இவ்வளர்ச்சியை நாம் மனமுவந்து ஏற்கவேண்டும். அதே வேளையில், கேட்கப்படுகிறவர் பேசாதிருந்தால் கேட்டவர்மீது குறைகூற இயலாது என்பதையும் உணரவேண்டும்.

வடக்கிலும் இவ்வினா எழுகிறது. செம்பவாங் கப்பல் பட்டறையின் நிலம் புதிய பயன்பாட்டுக்கு மாறவிருக்கிறது. 1938-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்த அவ்வட்டாரத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராக உழைத்து, குடும்பம் நடத்தி, கோயில் கட்டி வாழ்ந்தனர். அக்கரையின் எதிர்காலத்தைப் பற்றி அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூறுவதற்கு ஏதேனும் இருக்கும் என்றே நாம் நம்புகிறோம்.

தமிழர் சொல்வதற்கு என்ன உண்டு?

கடற்கரை மலாய் மீனவருக்கும், அடுக்குமாடியில் கடற்காட்சி கண்டு வாழ்வோருக்கும் உரியது, தமிழருக்கு அதில் தனிக்கருத்து எதற்கு என்று எவரேனும் வினவலாம். வரலாறு அதற்கு மறுமொழி கூறும். கப்பலின் மேல்தட்டில் பயணம் செய்து வந்த நம் முன்னோருள் மிகப் பலர் இந்நாட்டில் முதலில் மிதித்த மண் செயிண்ட் ஜான்ஸ் தீவு. 1874-இல் தொற்றுத் தடுப்பு நிலையமாக்கப்பட்ட அத்தீவில் தங்கியபின்னரே அவர்கள் நகருக்குள் வந்தனர். தஞ்சோங் பகார் துறைமுகத்தின் சுமையைத் தமிழர் தோள்கள் தாங்கின. காத்தோங்கில் இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் பழைய கடலோரத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் அமைந்தது. இறந்தோரின் அஸ்தியைக் கடலில் கரைப்பது இந்துக்களின் கடமை; அதற்கெனச் செமக்காவ் தீவுக்குத் தெற்கே கடற்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. கடலைப் பொழுதுபோக்குக்குரிய காட்சியாக மட்டும் கருதும் வினாப்பட்டியல் ஒன்றில், ‘என் தாயின் அஸ்தியைக் கரைத்த கடல் அது’ என்னும் விடையை எழுதக் கட்டம் எதுவும் இராது. சொல்வோர் இருந்தால்தான் அக்கட்டம் தோன்றும்.

மற்றொரு கூட்டத்தாரையும் இங்கு நினைத்தல் தகும். இன்றும் இந்நாட்டின் கட்டுமானப் பணிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். வருங்காலக் கடற்சுவரை எழுப்புவோருள் அவர்களும் இருப்பர். காலியர் கீயைக் கட்டிய கைதிகளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கரையை ஆக்கும் கைகளுக்கு அதனைப் பற்றிய அறிவும் உண்டு என்பதை இம்முறையேனும் நாம் மறவாதிருக்கலாம்.

வினாவின் மொழி

ஒரு வினா ஒரு மொழியில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்குப் பெயர்க்கப்படும்போது, அதனுள் இருக்கும் சாய்வும் மாறுகிறது. இதற்கு நிலமீட்பு என்னும் சொல்லே சான்று. இழந்ததைத் திரும்பப் பெறுவதே மீட்பு. அடகு வைத்த நகையை மீட்கிறோம். எதிரி கவர்ந்த நாட்டை மீட்கிறோம். கடல் ஒருபோதும் நம் நிலத்தைக் கவராத இடத்தில் ‘மீட்பு’ என்று கூறுவது, கேட்குமுன்பே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாகும். ஆங்கிலச் சொல்லின் வழியே இப்பொருள் தமிழுக்கு வந்தது. சீனர் ‘கடலை நிரப்புதல்’ என்றே கூறுவர். மலாயில் வழங்கும் ‘தம்பாக்’ என்பது அணைகட்டி மண்ணிட்டு மேடாக்குவதைக் குறிக்கும். ஜொகூர்ப் பாலத்தை மலாய்க்காரர் ‘தம்பாக் ஜொகூர்’ என்பது அதனாலேயே. தமிழிலும் ‘தூர்த்தல்’ என்னும் பழஞ்சொல் உண்டு. கிணற்றைத் தூர்ப்பது போலக் கடலைத் தூர்ப்பது என்றால் எவருக்கும் விளங்கும். ஆயின் அச்சொல்லும் எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்ததே. பயனுள்ள ஒன்றைப் பாழாக்கும் குறிப்பு அதில் உண்டு. எனவே நேர்மையாகக் கேட்க விரும்புவோர் ‘கடலை மேடாக்கி நிலம் உண்டாக்குதல்’ என்று விரித்துக் கேட்பதே நன்று.

மற்றொரு சொல் ‘பங்குதாரர்’. திட்டத்தால் பாதிக்கப்படுவோர், அதில் அக்கறை உடையோர் அனைவரையும் குறிக்க இச்சொல் இன்று பெருவழக்காயிற்று. பெடோக்கில் வாழும் ஒரு முதிய அம்மையாரை அழைத்து ‘நீங்கள் இக்கடற்கரையின் பங்குதாரர்’ என்றால், தாம் எந்த வணிகத்திலும் பணம் போடவில்லையே என்றுதான் அவர் திகைப்பார். ‘இக்கரைக்கு உரியவர்’ என்றால் அவருக்கு விளங்கும். விளங்கியபின் பேசவும் செய்வார்.

மூன்றாவது, சதுப்புநிலக் காடு. ‘சதுப்பு’ என்னும் சொல் சேற்றையும் பயனின்மையையும் நினைவூட்டுகிறது. நெய்தல் நிலத்தைத் தனித் திணையாக வகுத்த நம் மரபில் ‘கண்டல்’ என்னும் பெயர் உண்டு. ‘அலையாத்தி’ என்னும் பெயரும் உண்டு. அலையை ஆற்றுவது என்று அதற்குப் பொருள் கொள்வர். கடலரிப்பைத் தடுக்கச் சுவர் கட்டுவதா, மரம் வளர்ப்பதா என்னும் இன்றைய விவாதத்தில் ஒரு பக்கத்தின் வாதம் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘கரை’ என்னும் நம் சொல்லோ நிலத்தின் விளிம்பைக் குறிக்கும். கரைந்து தேய்வதையும் குறிக்கும். குரல் எழுப்பி அழைப்பதையும் குறிக்கும். இத்துணைச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடலைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் இல்லை என்று நாம் கூறலாகாது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கலாம்.

முதலாவதாக, கருத்துக் கேட்டல் திட்டம் வரையப்படுமுன் நிகழவேண்டும். குறைந்தது இரு வழிகளேனும் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். லாங் ஐலண்ட் தொடர்பில் காட்டப்பட்ட இம்முறை ஏனைய கரைகளுக்கும் வழக்கமாதல் நன்று.

இரண்டாவதாக, வினாக்கள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடுநிலையான சொற்களால் அமையவேண்டும். கடலோரப் பாதுகாப்புக்குரிய தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை, பொறியாளரும் ஆசிரியரும் இதழாளரும் முதியோரும் கூடி உருவாக்குவது மொழி அமைப்புகளின் கடமையாகும். கலைச்சொல் அறிஞர் மட்டும் அமர்ந்து ஆக்கினால் அது நூலகத்தில் உறங்கும். கடற்கரையில் நடப்போரோடு சேர்ந்து ஆக்கினால் வழக்கில் வாழும்.

மூன்றாவதாக, மக்கள் கூறியது கூறியவாறே பதிவாகவேண்டும். ‘பசுமைக்கு ஆதரவு’, ‘வசதிக்கு ஆதரவு’ என்று இரு கட்டங்களில் அடக்கப்பட்டபின் ஒருவருடைய சொல்லில் எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே. வாய்மொழி வரலாற்றுப் பணிக்கு நாம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகியுள்ளோம். அப்பயிற்சியை இறந்தகாலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நிகழும் கலந்துரையாடல்களுக்கும் பயன்படுத்தி, அப்பதிவுகளைக் காப்பகத்தில் சேர்க்கலாம்.

நான்காவதாக, கேட்டோர் மறுமொழி கூறவேண்டும். எக்கருத்து ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை, கேட்ட மொழியிலேயே தெரிவித்தல் வேண்டும். மறுமொழி பெறாதவர் அடுத்த முறை வாய் திறவார். தம் கருத்து மறுக்கப்பட்டாலும், அது படிக்கப்பட்டது என்று அறிந்தவர் மீண்டும் வருவார்.

அரசாங்கத்தைப் பார்த்துக் கூறும் இந்நான்கோடு, நம்மைப் பார்த்துக் கூறவேண்டியதும் ஒன்று உண்டு. வட்டார மன்றத்திலோ பூங்காவிலோ இத்தகைய கலந்துரையாடல் நடைபெறும்போது, வீட்டிலுள்ள முதியோரை உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள் தமிழில் பேசினால் அதனைச் சுருக்கி ஆங்கிலமாக்கி முடித்துவிடாமல், அவர்கள் சொல்லையே எழுதித் தருவோம். தெலுக் ஆயரில் கடல் எங்கிருந்தது என்பதை அறிய நமக்கு ஒரு தர்கா உதவுகிறது. பீச் ரோட்டில் அது எங்கிருந்தது என்பதை அறிய ‘கடற்கரைச் சடக்கு’ என்னும் பெயர் உதவுகிறது. 2100-ஆம் ஆண்டில் இந்நாட்டின் கரையில் நிற்கும் தமிழ்ப் பிள்ளை, அக்கரை எவ்வாறு அங்கு வந்தது என்று வினவினால், அதனை முடிவுசெய்த ஆண்டுகளில் தன் முன்னோரும் கேட்கப்பட்டனர், அவர்கள் இன்னது கூறினர் என்று காட்டுவதற்கு ஓர் ஏடு இருக்கவேண்டும். அவ்வேட்டை எழுதுவதற்குரிய காலம் இதுவே.